இருநூறு கிலோமீட்டருக்குப் பின் வரும் இரவு

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி ஏறக்குறைய 150 கிலோமீட்டர். நகரைத் தாண்டிக் கடலூர் சாலையில் தெற்கே 8 கிலோமீட்டர் போனால் நோணாங்குப்பம். சுண்ணாம்பாற்றுப் பாலமும் படகுக் குழாமும் இங்கேதான். வழியில் ஒன்றிரண்டு இடங்களுக்குச் சுற்றி வந்தால் 200 கிலோமீட்டர் நிறைந்துவிடும். சனிக்கிழமை விடியுமுன் சைக்கிளில் கிளம்பி, மாலையில் இங்கே இறங்கி, இரவு தங்கி, ஞாயிற்றுக்கிழமை திரும்பலாம். வார இறுதிக்குள் அடங்கும் தூரம் இது.

அன்றிரவு பத்து மணிக்குப் படுத்தவர் பன்னிரண்டு மணிக்கும் விழித்திருக்கிறார். கால்கள் குடைகின்றன. தலையணையில் காது வைத்தால் இதயத் துடிப்பு கேட்கிறது. ஒரு மணிக்குக் கண்ணயர்கிறார். மூன்றரை மணிக்கு வியர்த்து எழுகிறார். களைத்த உடம்பு அடித்துப்போட்டாற்போல் தூங்கும் என்பது பொது நம்பிக்கை. மிதமான களைப்புக்கு அது உண்மை. எட்டு மணி நேர மிதிப்புக்கு அது பொருந்துவதில்லை.

தென்னாப்பிரிக்காவில் பயிற்சி பெற்ற விளையாட்டு வீரர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 1994-ல் வெளியானது. 15 கிலோமீட்டர் ஓட்டம், 42 கிலோமீட்டர் மாரத்தான், நீச்சலும் சைக்கிளும் ஓட்டமும் சேர்ந்த மிக நெடிய டிரையத்லான் ஆகிய மூன்றுக்கும் பிறகு அவர்களின் தூக்கம் அளக்கப்பட்டது. நெடிய டிரையத்லானுக்குப் பிந்தைய இரவில் விழிப்பு கூடியிருந்தது. கனவுத் துயில், அதாவது இமைக்குள் விழிகள் வேகமாக அசையும் கட்டம், தாமதமாக வந்தது, அளவிலும் குறைந்தது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025-ல் வெளியிட்ட கணக்கு இன்னும் பெரியது. 14,689 பேர் அணிந்திருந்த கருவிகள் ஓராண்டில் பதிந்த சுமார் 40 லட்சம் இரவுகள் அதில் அடங்கும். படுப்பதற்கு முந்தைய 4 மணி நேரத்துக்குள் கடும் உழைப்பு முடிந்த நாட்களில் தூக்கம் தாமதமாக வந்தது, குறைந்தது, இரவு முழுவதும் இதயத் துடிப்பு உயர்ந்தே இருந்தது. உழைப்பு கடுமையாக ஆக, இவையும் கூடின.

இதற்கு எதிர்ச்சான்றும் உண்டு. 2019-ல் சூரிச் நகர ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மாலை உடற்பயிற்சி பொதுவாகத் தூக்கத்தைக் கெடுப்பதில்லை என்றே தெரிந்தது. விதிவிலக்கு ஒன்றுதான்: படுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் முடியும் கடும் பயிற்சி. ஆகவே வேலை முடிந்து ஒரு மணி நேரம் சைக்கிள் மிதிப்பவர் அஞ்ச வேண்டியதில்லை. இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது அல்ல.

நாள் முழுவதும் மிதித்தவருக்குத் தூக்கம் வராததற்கு முதல் காரணம் வெப்பம். சமதளத்தில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரின் கால் மிதிகட்டைக்குத் தருவது சுமார் 100 வாட். மனிதத் தசை, எரிக்கும் ஆற்றலில் 20 முதல் 25 விழுக்காட்டையே இயக்கமாக மாற்றும். எஞ்சியது சூடு. 100 வாட்டுக்காக உடல் சுமார் 450 வாட் எரிக்கிறது; அதில் 350 வாட் வெப்பமாகவே உள்ளே பிறக்கிறது. இதை வியர்வை மட்டுமே வெளியேற்ற வேண்டுமானால் மணிக்கு அரை லிட்டர் வியர்வை ஆவியாக வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு 4 லிட்டர்.

ஆவியாக வேண்டும் என்பதுதான் இங்கே சிக்கல். சொட்டி விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. காற்று 32 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் ஈரக்குமிழ் வெப்பநிலை ஏறக்குறைய 29 டிகிரி. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு அது. வியர்வையால் தோல் எந்த அளவுக்குக் குளிர முடியும் என்பதற்கான எல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022-ல் இளம், ஆரோக்கியமான உடல்களில் சோதித்தபோது, ஈரமான காற்றில் ஈரக்குமிழ் 30, 31 டிகிரியைத் தொட்டதும் உடலின் உள்வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறத் தொடங்கியது. அவர்கள் செய்துகொண்டிருந்தது வீட்டுக்குள் நடமாடுவதற்குச் சமமான இலேசான வேலை. சைக்கிள் மிதிப்பது அதைவிட வெகு அதிகம். கோடையில் புதுச்சேரிக் கடலோரத்துக்கும் அந்த எல்லைக்கும் இடையே இருப்பது ஒன்றிரண்டு டிகிரிதான்.

பயணம் முடிந்ததும் இந்த வெப்பம் தீர்ந்துவிடுவதில்லை. தூக்கம் வருவதற்கு உடலின் உள்வெப்பம் இறங்க வேண்டும்; பகலுக்கும் இரவுக்கும் இடையே அது சுமார் ஒரு டிகிரி இறங்குகிறது. கை கால்களின் இரத்தக் குழாய்கள் விரிந்து, தோல் வழியாகச் சூடு வெளியேறும்போதே கண் சொருகுகிறது. கைகால் எவ்வளவு கதகதப்பாக இருக்கிறதோ அவ்வளவு விரைவில் தூக்கம் வருகிறது என்று 1999-ல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். நீர் வற்றிய உடலில் தோலுக்குப் போகும் இரத்தம் குறைகிறது, வியர்வையும் குறைகிறது. மே, ஜூன் மாதங்களில் நோணாங்குப்பத்தின் இரவு வெப்பநிலை 27 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஒருபுறம் ஆறு, கிழக்கே கடல், ஈரம் குறைவதில்லை. உள்ளே உள்ள சூட்டை வாங்கிக்கொள்ள வெளியே இடம் இல்லை. உடம்புச் சூடு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லி உப்பு போட்ட மோரையோ நீராகாரத்தையோ நீட்டுவது இந்த நிலைக்குப் பொருத்தமான செயல். அதில் நீர் இருக்கிறது, உப்பும் இருக்கிறது.

இரண்டாவது, பரிவு நரம்பு மண்டலம். ஆபத்துக்கும் உழைப்புக்கும் உடலைத் தயார்செய்யும் நரம்புத் தொகுதி இது. எட்டு மணி நேரம் முடுக்கப்பட்ட அது, சைக்கிளைச் சுவரில் சாய்த்ததும் அடங்குவதில்லை. வியர்வையாகப் போன நீர் இரத்தத்தின் கொள்ளளவையும் குறைத்திருக்கும். அதே அளவு இரத்தத்தைச் சுற்றிவரச் செய்ய இதயம் அதிக முறை துடிக்க வேண்டும். வழக்கமாக நிமிடத்துக்கு 55 துடிப்போடு தூங்குகிறவர் அன்று 70 துடிப்போடு படுத்திருக்கிறார். காயப்பட்ட தசைகள் அழற்சிப் பொருள்களை இரத்தத்தில் கலக்கின்றன. அவற்றில் ஒன்றான இன்டர்லூக்கின்-6, மாரத்தான் போன்ற நெடிய உழைப்புக்குப் பின் வழக்கத்தைவிட நூறு மடங்கு வரை உயரக்கூடும்.

மூன்றாவது, வழியில் குடித்தவை. எனர்ஜி டிரிங்க் எனப்படும் பானங்களில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் வரை காஃபின் இருக்கலாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு விதித்திருக்கிறது. 250 மில்லிலிட்டர் டப்பாவுக்கு அது 75 மில்லிகிராம். காஃபினின் அரை ஆயுள், அதாவது இரத்தத்தில் பாதியாகக் குறைய ஆகும் காலம், சராசரியாக 5 மணி நேரம். மூன்று மணிக்கு ஒரு டப்பா, ஐந்து மணிக்கு ஒரு டப்பா குடித்தவரின் உடலில் இரவு பத்து மணிக்கு ஏறக்குறைய 65 மில்லிகிராம் மிஞ்சியிருக்கும். படுக்கையில் உட்கார்ந்து கிட்டத்தட்ட ஒரு முழு டப்பாவைக் குடிப்பதற்கு அது சமம். இடையில் குடித்த காபிகள் இந்தக் கணக்கில் சேரவில்லை. படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபின் எடுத்தவர்கள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தூக்கம் இழந்ததாக 2013-ல் ஓர் அமெரிக்க ஆய்வு அளந்தது.

இதுவரை சொன்னவை அசௌகரியங்கள். ஆபத்து, தூக்கம் வராதவர் அடுத்து என்ன செய்கிறார் என்பதில் இருக்கிறது.

அவர் முதலில் தண்ணீர் குடிக்கிறார். ஒரு லிட்டர் வியர்வையில் சராசரியாக ஒரு கிராம் அளவுக்குச் சோடியம் போகிறது. நெடிய உழைப்பின்போது, சிறுநீரைக் குறைத்து நீரைத் தேக்கிவைக்கும் ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கிறது. உப்பு போய்விட்டது; குடிக்கும் நீர் வெளியேறவும் இல்லை. இந்த நிலையில் வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்தால் இரத்தத்தில் சோடியத்தின் அடர்த்தி இறங்குகிறது. 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானை முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 விழுக்காட்டினரிடம் சோடியம் இயல்பு அளவுக்குக் கீழே இருந்தது. மூவரிடம் உயிருக்கு ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது. தலைவலி, குமட்டல், அமைதியின்மை, பிறகு குழப்பம், பிறகு வலிப்பு என்பது அதன் வரிசை. முதல் மூன்று அறிகுறிகளும் நீர் வற்றியதற்கான அறிகுறிகளைப் போலவே இருக்கும். அதனால் அவர் மேலும் தண்ணீர் குடிப்பார். பயணம் முடிந்து பல மணி நேரம் கழித்தும் இது தொடங்கலாம். அப்போது அவர் விளக்கணைத்த அறையில் தனியாக இருக்கக்கூடும்.

அடுத்து, வலி மாத்திரை. தொடையும் முதுகும் வலிக்கின்றன, வலி குறைந்தால் தூக்கம் வரும் என்று தோன்றுகிறது. இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கின்றன. பலரின் பையிலேயே இருக்கின்றன. நீர் வற்றிய உடலில் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் ஏற்கெனவே குறைந்திருக்கும். அந்தக் குறைந்த இரத்தமும் உள்ளே போகும்படி நுழைவாயில் குழாயை விரித்து வைத்திருப்பவை புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்கள். இந்த மாத்திரைகள் வலியைக் குறைப்பது அதே பொருள்களின் உற்பத்தியைத் தடுத்துத்தான். தசைக்கு வேண்டாத பொருள் சிறுநீரகத்துக்கு இன்றியமையாதது. மாத்திரைக்கு அந்த வேறுபாடு தெரியாது.

இதன் விளைவு அளக்கப்பட்டிருக்கிறது. 80 கிலோமீட்டர் ஓடிய 89 அல்ட்ரா மாரத்தான் வீரர்களில் ஒரு பாதிக்கு இபுபுரூஃபெனும் மறுபாதிக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் தரப்பட்டன. 2017-ல் முடிவு வெளியானது. போலி மாத்திரை எடுத்தவர்களில் 34 விழுக்காட்டினருக்கும், இபுபுரூஃபென் எடுத்தவர்களில் 52 விழுக்காட்டினருக்கும் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பின் அளவுகோலுக்குள் வரும் மாற்றம் இருந்தது. மாத்திரை இல்லாமலேயே மூவரில் ஒருவருக்கு என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். இவர்கள் ஓடியவர்கள். சைக்கிளில் தசை சிதைவது ஓட்டத்தைவிடக் குறைவு. ஆகவே இந்த எண்களை அப்படியே சைக்கிளுக்கு மாற்ற முடியாது. ஆனால் நீர் இழப்பும் மாத்திரையின் வேலையும் இரண்டிலும் ஒன்றே. சிதைந்த தசையிலிருந்து கசியும் புரதம் சிறுநீரைக் கறுப்புத் தேநீரின் நிறத்துக்கு மாற்றும். தசைச் சிதைவைக் காட்டும் இரத்த அளவுகள் உச்சத்தைத் தொடுவது ஒன்று முதல் மூன்று நாட்களில். சனிக்கிழமை மிதித்தவருக்கு அது திங்கட்கிழமையாக இருக்கலாம். அதற்குள் அவர் அலுவலகத்தில் இருப்பார், வலி தணிந்திருக்கும், சோதனைக்குப் போகக் காரணம் எதுவும் தோன்றாது.

மூன்றாவது வழி, மது. புதுச்சேரியில் அது தமிழ்நாட்டைவிட மலிவு. மது தூக்கத்தை முன்னிரவில் கொண்டுவருகிறது, பின்னிரவில் உடைக்கிறது. உடல் அதை எரித்து முடிக்க நான்கைந்து மணி நேரம் ஆகிறது, முடிந்ததும் விழிப்பு. கனவுத் துயில் முதல் பாதியில் அடக்கப்படுகிறது. இதயத் துடிப்பு உயர்கிறது. சிறுநீர் கூடுகிறது, இழந்த நீர் மேலும் போகிறது. ஏற்கெனவே மாத்திரை போட்டிருந்தால் சிறுநீரகத்தின் கணக்கில் இதுவும் சேர்கிறது.

ஓர் இரவோடு இது முடிந்தால் உடல் ஈடுகட்டிவிடும். வாரந்தோறும் நடந்தால் கதை வேறு. இங்கிலாந்தில் 13 பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களுக்கு 9 நாட்கள் பயிற்சியைக் கடுமையாக்கியபோது, படுக்கையில் இருந்த நேரம் கூடியது; ஆனால் அதில் தூங்கிய பங்கு குறைந்தது. கெட்ட தூக்கம் அளவுமீறிய பயிற்சியின் விளைவாகவும் முதல் அடையாளமாகவும் இருக்கிறது. ஐரோப்பிய, அமெரிக்க விளையாட்டு மருத்துவ அமைப்புகள் 2013-ல் கூட்டாக வெளியிட்ட அறிக்கை, இதன் படிகளை மீளும் காலத்தைக் கொண்டு பிரிக்கிறது. முதல் படிக்குச் சில நாட்கள் போதும். அடுத்ததற்கு வாரங்கள், மாதங்கள். கடைசிப் படியில் இருப்பவர் பல மாதங்கள் ஓய்வெடுத்தும் பழைய திறனைப் பெறாமல் போகலாம். எந்தப் படியில் இருக்கிறார் என்பதை முன்கூட்டிச் சொல்லும் இரத்தச் சோதனை எதுவும் இல்லை. அடுத்தடுத்துத் தூங்காத இரவுகள்தான் கையில் இருக்கும் சான்று. பெரும்பாலோர் அதைப் பயிற்சி போதவில்லை என்று புரிந்துகொண்டு இன்னும் மிதிக்கிறார்கள்.

இனி ஞாயிற்றுக்கிழமை, தூங்காதவர் சாலைக்குத் திரும்பும் நாள். தூங்காமல் சாலையில் இருப்பது என்ன செய்யும் என்பதை முதலில் பார்க்கலாம்.

பிஆர்எம் எனப்படும் சைக்கிள் நெடும்பயணங்களின் கால வரம்புகளைப் பாரிஸிலுள்ள ஆடாக்ஸ் கிளப் வகுத்திருக்கிறது, இந்தியாவிலும் அவையே. 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம். 300-க்கு 20 மணி. 400-க்கு 27. 600-க்கு 40. காலை 6 மணிக்குப் புறப்படும் 300 கிலோமீட்டர் பயணத்துக்கு ஒருவர் 4 மணிக்கு எழுகிறார். வரம்பின் கடைசி நிமிடத்தில் முடித்தால் மறுநாள் அதிகாலை 2 மணி. அவர் விழித்து 22 மணி நேரம் ஆகிறது. 1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 40 பேரிடம் நடத்திய சோதனையில், 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் கை-கண் ஒத்திசைவு, இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவர்களின் நிலைக்கு இறங்கியது. 24 மணி நேரத்தில் அது 0.10 விழுக்காட்டுக்குச் சமம். இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு அனுமதிக்கும் வரம்பு 0.03. மூச்சுச் சோதனைக் கருவி மதுவைக் காட்டும். 22 மணி நேர விழிப்பைக் காட்டாது.

1891-ல் புதுச்சேரி பிரான்சின் ஆட்சியில் இருந்தபோது, அந்நாட்டில் முதல் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் போட்டி நடந்தது. தூரம் சுமார் 1,200 கிலோமீட்டர். வென்ற ஷார்ல் தெரோன் 71 மணி 22 நிமிடத்தில் முடித்தார், தூங்கவே இல்லை. அது சாதனையாகவே எழுதப்பட்டது. அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் போட்டியை ஐந்து முறை வென்ற ஸ்லோவேனிய வீரர் யூரே ரோபிச், தூக்கமின்மை முற்றிய நாட்களில் சாலையோர அஞ்சல் பெட்டிகளை எதிரிகளாகக் கண்டு, சைக்கிளை நிறுத்திவிட்டு அவற்றோடு சண்டைக்குப் போயிருக்கிறார். அவர் பின்னால் ஒரு வண்டி நிறையத் துணைக்குழு இருந்தது.

நோணாங்குப்பத்திலிருந்து திரும்புகிறவருக்குத் துணைக்குழு இல்லை. வெள்ளிக்கிழமை இரவு, அதிகாலைப் புறப்பாட்டுக்காக அவர் நான்கைந்து மணி நேரம்தான் தூங்கினார். சனிக்கிழமை இரவு மூன்று மணி நேரம். ஞாயிறு மதியம் சாப்பிட்டு, சைக்கிளை வாடகைக்கு எடுத்த காரின் பின்னால் கட்டி, தானே ஓட்டிக்கொண்டு இரண்டு மணிக்குச் சென்னைக்குக் கிளம்புகிறார். பிற்பகல் 2 முதல் 4 வரை உடலின் உள்கடிகாரம் இயல்பாகவே விழிப்பைத் தளர்த்தும் நேரம்.

அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கத்தின் பாதுகாப்பு அறக்கட்டளை, அங்கு நடந்த 4,571 விபத்துகளை ஆராய்ந்து 2016-ல் முடிவை வெளியிட்டது. முந்தைய 24 மணி நேரத்தில் 7 மணி நேரமாவது தூங்கியவரோடு ஒப்பிட்டால், 4 முதல் 5 மணி நேரம் தூங்கியவர் விபத்துக்குக் காரணமாகும் வீதம் 4.3 மடங்கு. 4 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவருக்கு 11.5 மடங்கு.

நுண்துயில் என்பது கண் திறந்திருக்கும்போதேகூட மூளை சில நொடிகள் அணைந்துபோவது. மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் கார் 3 நொடியில் 67 மீட்டர் கடக்கும். 25 கிலோமீட்டரில் போகும் சைக்கிள் 21 மீட்டர். நுண்துயில் வரப்போகிறது என்பதை ஓட்டுநர் உணர்ந்து ஓரங்கட்டிவிடுவார் என்று நம்ப முடியாது. 2003-ல் வெளியான பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வில், 14 நாட்கள் இரவுக்கு 6 மணி நேரம் மட்டும் தூங்க விடப்பட்டவர்களின் கவனத்திறன், முழு இரவுகளைத் தூங்காமல் கழித்தவர்களின் அளவுக்கு இறங்கியது. அவர்களிடம் கேட்டபோது, தங்களுக்குச் சற்றே தூக்கக் கலக்கம் இருப்பதாக மட்டுமே சொன்னார்கள். திறன் நாளுக்கு நாள் சரிந்துகொண்டிருந்தது. களைப்பு பற்றிய அவர்களின் சொந்த மதிப்பீடு சில நாட்களிலேயே நின்றுவிட்டது.

ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். ஓட்டுநரின் தவறுகளை அந்த அறிக்கை வகைப்படுத்துகிறது. மிகுவேகம், தவறான பக்கத்தில் ஓட்டுதல், குடிபோதை, சிவப்பு விளக்கைத் தாண்டுதல், கைபேசி, மற்றவை. தூக்கம் தனி வகையாக இல்லை. சாவுகளில் 71 விழுக்காடு மிகுவேகத்தின் கீழ் பதிவாகியிருக்கிறது. கண் மூடிய ஓட்டுநரின் கால் ஆக்சிலரேட்டரிலேயே இருக்கும். அவர் பிரேக் பிடித்திருக்க மாட்டார். சாலையில் டயர் தேய்ந்த தடம் இராது. கடைசியாக எப்போது தூங்கினார் என்று கேட்டால் பதில் சொல்ல, பல வேளைகளில், அவரும் இருக்க மாட்டார். அப்படிப்பட்ட விபத்துகளில் எத்தனை மிகுவேகம் என்ற கட்டத்துக்குள் போயிருக்கின்றன என்பதை இந்த அட்டவணையிலிருந்து பிரித்தெடுக்க வழி இல்லை.